பூத்தையலுக்கு ஒரு சட்டம்

தம்புள்ளைக் குகை விதானம் கற்பிக்கும் இல்லக் கலை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. துணியில் ஊசியால் எழுதும் சித்திரத்துக்கும் இது பொருந்தும். நம் இல்லங்களில் எத்தனையோ பெண்மணிகள் தையல் இயந்திரத்தில் அழகிய பூவேலைகளைச் செய்து முடிக்கிறார்கள். தாமரையும் அன்னமும் மயிலும் வெண்துணியிலே உயிர்பெற்று எழுகின்றன. ஆனால் செய்து முடித்த அந்த வேலைக்கு வீட்டில் இடம் எங்கே? நான்காக மடித்து, பெட்டியின் அடியிலே, பழைய சேலைகளுக்குக் கீழே வைக்கிறோம். சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்க்கும்போது மடிப்பு விழுந்த இடம் பழுப்பேறி நைந்திருக்கிறது. பூச்சி அரித்த துவாரம் நம்மைப் பார்த்து நகைக்கிறது. பல நாள் உழைப்பு ஒருவர் கண்ணிலும் படாமல் அழிந்து போகிறது. அதை எண்ணி வருந்தாத தாய்மார் எவர்?

புகைப்படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டுக் கூடத்தில் மாட்டுகிற நாம், கைவேலைக்கும் அந்த மரியாதையைச் செய்தல் வேண்டும். பூத்தையலைச் சட்டத்தில் ஏற்றி, சுற்றிலும் அலங்கார நாடா வைத்து முடிப்பது கடினமான வேலையன்று. பெரும் செலவு வைக்கும் வேலையுமன்று. ஆயினும் அதற்கு ஒரு முறை உண்டு. அம்முறையை அறியாமல் பசையைத் தடவி அட்டையில் ஒட்டிவிட்டால், பெட்டிக்குள் ஐந்தாண்டு இருந்திருக்கக்கூடிய வேலை சுவரில் இரண்டாண்டிலேயே கெட்டுவிடும். ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

குகையிலே ஒரு துணி

மாத்தளை மாவட்டத்தின் வடபால், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவழியில் அமைந்திருப்பது தம்புள்ளை. இன்று மரக்கறி வணிகத்துக்குப் பெயர்போன அந்நகரின் மேலே நிமிர்ந்து நிற்கும் கற்பாறையில் ஐந்து குகைக் கோயில்கள் உள்ளன. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அமைத்தவை எனப் போற்றப்படும் இக்குகைகள் 1991ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டன.

இவற்றுள் பெரியது இரண்டாவது குகை. ஏறத்தாழ 52 மீற்றர் நீளமும் 23 மீற்றர் ஆழமும் கொண்ட அந்த மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் ஒரு விந்தையைக் காண்பர். மேலே இருப்பது கரடுமுரடான பாறை. அது ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் உயர்ந்தும் வளைந்து செல்கிறது. அப்பாறையைச் சமப்படுத்த எவரும் முயலவில்லை. அதன் ஏற்றத் தாழ்வுகளின் மீதே வண்ண ஓவியங்களைத் தீட்டிச் சென்றிருக்கிறார்கள். அதனால், மேலே கட்டிய ஒரு பெரிய சித்திரச் சீலை காற்றில் மெல்லத் தொய்ந்து தொங்குவது போன்ற தோற்றம் பிறக்கிறது. கல்லைத் துணியாக்கிய கைவண்ணம் அது!

கோயில்களில் மேலே துணி விதானம் கட்டுவது நமக்குப் புதிதன்று. நம் ஆலயங்களிலும் மேற்கட்டி கட்டுகிறோம். சிங்கள மக்கள் அதனை 'வியன' என்பர். 'விதானம்', 'வியன' என்னும் இரு சொற்களும் ஒரு வேரினின்றும் பிறந்தவையே. இன்று தம்புள்ளையில் காணப்படும் ஓவியங்களிற் பல, 18ஆம் நூற்றாண்டில் கீர்த்திசிறி இராஜசிங்க மன்னன் காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை. 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட அம்மன்னன் மதுரையோடு உறவு கொண்ட நாயக்கர் மரபினன் என்பதைத் தமிழ் மாணவர்கள் நினைவில் வைத்தல் நலம்.

நம் பொருளுக்கு இக்குகை தரும் பாடம் யாது? அங்குள்ள சித்திரங்களைக் கூர்ந்து நோக்கினால், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே பட்டைகள் ஓடுவதைக் காணலாம். பூக்கொடியும் இதழ் வரிசையும் அணிவகுத்துச் சென்று ஒவ்வொரு காட்சிக்கும் எல்லை வகுக்கின்றன. அந்த எல்லை இல்லாவிடில் நூற்றுக்கணக்கான உருவங்கள் ஒன்றோடொன்று கலந்து கண்ணைக் குழப்பும். கரை இருப்பதனால் கண் ஓரிடத்தில் தங்கி, அதனை முற்றும் கண்டு, பின் அடுத்ததற்குச் செல்கிறது. சேலைக்குக் கரையும் வயலுக்கு வரப்பும் எப்படியோ, அப்படியே சித்திரத்துக்கு ஓரப்பட்டை. அலங்கார நாடா வெறும் ஆடம்பரம் அன்று. பார்ப்பவர் கண்ணைக் கட்டி நிறுத்தும் கருவி அது.

அலுவிகாரையில் ஒரு தொண்டு

தம்புள்ளையிலிருந்து மாத்தளை நோக்கி வரும் வழியில், மாத்தளை நகரை அடைவதற்குச் சற்று முன்னே இருப்பது அலுவிகாரை. பௌத்த மறைநூல்கள் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று அதனைப் போற்றுவர். அவ்வூருக்குத் துணிக்கலையிலும் ஒரு பெருமை உண்டு. அதைத் தேடித் தந்தவர் ஏனா டி சில்வா அம்மையார்.

1922இல் பிறந்த இவர், இலங்கையின் முதலாவது சுதேசப் பொலிஸ் மா அதிபராக விளங்கிய சேர் றிச்சட் அலுவிகாரையின் புதல்வி. 1960களில் கொழும்பில் பதிக் துணிக்கலையைப் புதுமெருகோடு வளர்த்தார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை விடுதியின் மண்டபக் கூரையை இவர் ஆக்கிய பதிக் துணிகள் அணி செய்தன. தம்புள்ளைக்கு அருகே கண்டலமை வாவிக் கரையில் 1994இல் எழுந்த விடுதியும் அதே பாவா அமைத்ததே. பிற்காலத்தில் அம்மையார் தம் முன்னோர் ஊராகிய அலுவிகாரைக்கே மீண்டு, மாத்தளை மரபுரிமை நிலையத்தின் வாயிலாகச் சுற்றுப்புறக் கிராமப் பெண்களுக்குப் பதிக்கும் பூத்தையலும் தொழிலாக அமைய வழிசெய்தார். 2015இல் காலமாகும் வரை அத்தொண்டைக் கைவிடவில்லை.

அங்கே வளர்ந்தது பெரும்பாலும் கைத்தையல். ஆயினும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே: வீட்டு மூலையில் முடங்கிக் கிடந்த பெண்களின் ஊசி வேலையை அவர் சுவருக்கு ஏற்றினார். மேசை விரிப்பாகவும் தலையணை உறையாகவும் தேய்ந்து போகும் வேலை, சுவரில் ஏறியதும் சித்திரமாக மதிக்கப்பட்டது. துணி அதே துணி. ஊசி அதே ஊசி. இடம் மாறியதும் மதிப்பு மாறிற்று.

இயந்திர வேலை கலையாகுமா?

"கையால் தைத்தால் கலை, இயந்திரத்தில் தைத்தது எப்படிக் கலையாகும்?" என்று கேட்பவர் உளர். இக்கேள்வியைத் தட்டிக் கழிக்கலாகாது. ஈழத்துத் தமிழ்ப் பெரியார் சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் கண்டி நாட்டுப் பூத்தையலையும் ஆராய்ந்தார். நூல் வேலைப்பாடு அமைந்த வெற்றிலைப் பைகளின் அழகை உலகறியச் செய்தவர் அவர். இயந்திரத் தொழில் கைவினைஞனின் வாழ்வைக் குலைக்கிறது என்று அஞ்சியவரும் அவரே. அவ்வச்சம் பொய்யன்று.

எனினும் இயந்திரங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஆலைக்கென அமைந்த பூத்தையல் இயந்திரத்தின் கதை ஐரோப்பாவில் 1828ஆம் ஆண்டளவில் யோசுவா ஹைல்மன் என்பாரிடம் தொடங்குகிறது. பின்னர் 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசாக் குரோப்லி படகு வடிவ நாடாவைக் கொண்டு இயங்கும் பெரிய இயந்திரத்தை ஆக்கினார். 1964இல் ஜப்பானின் தஜிமா நிறுவனம் பல தலைகள் கொண்ட தானியங்கியை வெளியிட்டது. அதன் பின் கணினி வந்து சேர்ந்தது. இவற்றில் ஒரே பூவை ஆயிரம் தடவை மாறாமல் தைக்கலாம்.

வீட்டுத் தையல் இயந்திரமோ வேறு வகையைச் சேர்ந்தது. 1851இல் அமெரிக்காவில் ஐசாக் சிங்கர் காப்புரிமை பெற்ற இயந்திரம் உலகெங்கும் பரவியது. அவர் பெயரால் அமைந்த நிறுவனம் 1877இலேயே இலங்கையில் கால் வைத்தது. காலால் மிதித்து ஓட்டும் அவ்வியந்திரத்தில் பூத்தையல் செய்வோர், துணியைத் தள்ளும் பற்களைத் தாழ்த்திவிட்டு, அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் கழற்றிவிட்டு, வளையத்தில் இறுக்கிய துணியை இரு கைகளாலும் நகர்த்துகிறார்கள். ஊசி ஓரிடத்திலேயே ஏறி இறங்குகிறது, துணிதான் அசைகிறது. எழுதுகோலை அசையாது பிடித்துத் தாளை அசைத்துச் சித்திரம் வரைவதற்கு ஒப்பான வித்தை இது. கையின் நடுக்கமும் தெளிவும் ஒவ்வொரு தையலிலும் தெரியும். இதனைக் கலை அன்று என்று எவர் சொல்வார்?

இன்று கணினி இணைந்த சிறு இயந்திரங்கள் வீடுகளிலும் வந்துவிட்டன. அவற்றிலுங்கூட, எந்தச் சித்திரத்தை எந்தத் துணியில் எந்த நிறத்தில் இடுவது என்று தீர்மானிப்பதும், அதற்கேற்ற கரையமைத்துச் சட்டத்தில் ஏற்றுவதும் மனிதர் கையிலேயே இருக்கின்றன. இயந்திரம் எவ்வளவு விரைந்து தைக்கிறதோ அவ்வளவுக்கு முடிப்பு வேலையில் நம் கை நிதானம் கொள்ளலாம்.

நம்மவர் பழைய வழக்கம்

துணியும் சரிகையும் சட்டமும் சேர்வது தமிழர் இல்லங்களுக்குப் புதிய செய்தியன்று. 1894இல் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த தெய்வப் படங்கள் தென்னாட்டு வீடுகளில் எல்லாம் இடம்பெற்றன. அந்த அச்சுப் படங்களிலுள்ள இலக்குமிக்கும் சரசுவதிக்கும், வீட்டுப் பெண்கள் மெய்யான துணியால் சேலை உடுத்தி, சரிகைக் கரை வைத்து, மணிகளும் மின்னும் சிறு தகடுகளும் தைத்துக் கண்ணாடிச் சட்டத்துள் இட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இருந்த அத்தகைய படங்களை இன்று சேகரிப்போர் தேடி அலைகின்றனர். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு படம், ஒரு பெண்ணின் ஊசியால் ஒன்றே ஒன்றாகிவிட்டது. இயந்திரப் பூத்தையலைச் சட்டத்தில் ஏற்றும்போது நாம் செய்வதும் இதுவே.

அளவே அழகு

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலிற் சட்டத்தை வாங்கிப் பின்னர் வேலையைத் தொடங்குவது நலம். வேலையை முடித்துவிட்டு அதற்குச் சட்டம் தேடுவோர், பூவின் விளிம்பு மரத்துக்குள் மறைவதைக் கண்டு வருந்துவர்.

கடையில் 8 அங்குலம், 10 அங்குலம் என்று சொல்லி விற்கும் சட்டத்தில் அது கண்ணாடியின் அளவாகும். சட்டமரத்தின் உள்விளிம்பு ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய கால் அங்குலத்தை மறைத்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரிவது ஏழரை அங்குல அகலமும் ஒன்பதரை அங்குல உயரமுமே. இதற்குள் கணக்குப் போடுவோம்:

பூவேலையின் அளவு: 4 அங்குல அகலம், 6 அங்குல உயரம்.
பூவேலைக்கும் நாடாவுக்கும் இடையே வெற்றிடம்: சுற்றிலும் அரை அங்குலம்.
நாடாவின் அகலம்: அரை அங்குலம்.
நாடாவுக்கும் சட்டத்துக்கும் இடையே வெற்றிடம்: சுற்றிலும் முக்கால் அங்குலம்.

நாடாவின் வெளிச்சுற்று 6 அங்குலமும் 8 அங்குலமுமாக அமைகிறது. நான்கு பக்கங்களையும் கூட்டினால் 28 அங்குலம். நான்கு மூலைகளையும் மடிக்க மூலைக்கு அரை அங்குலமாக 2 அங்குலம்; முனைகளைச் சேர்க்க 1 அங்குலம். ஆக 31 அங்குலம் வேண்டும். ஒரு யார் நாடா வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சும். துணியோ எல்லாப் பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக, 14 அங்குலமும் 16 அங்குலமுமாக வெட்டப்பட வேண்டும். துணியில் சிக்கனம் பார்த்தால் பின்புறம் இழுத்துக் கட்ட இடம் இராது.

துணியும் நூலும்

நெருக்கமான இழையுள்ள பருத்தி அல்லது லினன் துணி சாலச் சிறந்தது. தைக்கும் முன் அதனைக் கழுவி உலர்த்திக் கொள்ளல் வேண்டும். புதுத் துணி பின்னர் ஈரம் பட்டுச் சுருங்கினால் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். துணிக்கு அடியில் தாங்குதுணி ஒன்றை வைத்தே தைத்தல் வேண்டும். நெருக்கமான தையல் துணியை இழுப்பதால், தாங்குதுணி இல்லாத வேலை நடுவில் குவிந்து நிற்கும். அத்தகைய வேலையை எந்தச் சட்டமும் நேராக்காது.

நூலில் ரேயான் பட்டுப்போல மின்னும். ஆனால் ஈரத்தில் வலிமை குன்றும். பொலியெஸ்டர் நூல் வெயிலையும் கழுவலையும் கூடுதலாகத் தாங்கும். வெளிச்சம் மிகுந்த கூடத்தில் மாட்டுவதாயின் பின்னதே உகந்தது.

தைத்து முடிந்ததும் பூவுக்குப் பூ தாவிச் சென்ற நூல்களைக் கத்தரித்து, மிகுதியான தாங்குதுணியை வெட்டிவிடுக. பின்னர் தடித்த துவாலை ஒன்றை விரித்து, பூவேலை கீழ்நோக்கி இருக்குமாறு வைத்துப் பின்புறத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். முன்புறத்தில் சூட்டுப் பெட்டியை வைத்தால் எழும்பி நிற்கும் தையல் யாவும் தட்டையாகிப் பொலிவிழக்கும்.

நாடாவைத் தேர்தல்

நாடாவைத் தெரிவு செய்வதில்தான் பலர் தடுமாறுகின்றனர். பூவேலையில் மிகுதியாக உள்ள நிறத்தையே நாடாவுக்கும் எடுத்தால் இரண்டும் போட்டியிடும். குறைவாக உள்ள ஒரு நிறத்தை எடுத்தால் நாடா பின்னின்று துணை செய்யும். செந்தாமரைக்கு இலையின் பச்சையும், நீல மயிலுக்குத் தோகைக் கண்ணின் பொன்னிறமும் நன்கு பொருந்தும். வேலை நுணுக்கமாயின் நாடா எளிதாக இருக்கட்டும். வேலை எளிதாயின் நாடா பின்னலும் நெளிவும் கொண்டதாக இருக்கலாம். குழந்தையின் பெயர் தைத்த சட்டத்துக்குச் சன்னமான லேஸும், தெய்வ உருவுக்குச் சரிகைப் பட்டையும் ஏற்றவை. கிழிந்துபோன பட்டுச் சேலையின் கரையை எறிந்துவிடாமல் இதற்குப் பயன்படுத்தலாம். பாட்டியின் சேலைக் கரை பேத்தியின் பூவேலையைச் சூழ்ந்து நிற்பதினும் அழகிய கரை வேறுண்டோ?

நாடாவையும் முதலிலேயே நனைத்து உலர்த்துக. ஈரமான வெள்ளைத் துணியால் அதனைத் துடைத்துப் பார்த்துச் சாயம் போகிறதா என்று தெரிந்து கொள்க. சரிகையை நனைக்க வேண்டியதில்லை. வியர்வைக் கையால் அளைந்தால் அது கறுத்துவிடும்.

துணியின் இழையோட்டத்தைப் பார்த்து நேர்கோடு ஒன்றைத் தையற்காரர் சுண்ணக்கட்டியால் மெல்லக் குறித்து, அதன்மேல் நாடாவை ஊசி குத்தி நிறுத்துக. மூலைகளில் நாடாவைச் சாய்வாக மடித்துக் கூராக்க வேண்டும். பின்னர் நாடாவின் இரு விளிம்பிலும் நுண்ணிய தையலிட்டுப் பிணைக்க வேண்டும். பசை வேண்டவே வேண்டாம். பசை முதலில் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பாகி நாடாவின் ஊடே கசியும். தையலாயின், என்றேனும் பிரித்துக் கழுவி மீண்டும் தைக்கலாம்.

அட்டையில் ஏற்றல்

சாம்பல் நிற வைக்கோல் அட்டையில் நேராகத் துணியைப் படியவிடுதல் தவறு. அதிலுள்ள அமிலம் துணியைப் பழுப்பேற்றும். அமிலமற்ற வெள்ளை அட்டை கிடைத்தால் நன்று. கிடையாவிடின், நன்றாகக் கழுவிய வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக அட்டையின் மீது இட்டுக் கொள்ளலாம். அது அமிலம் துணியைச் சேர்வதைத் தாமதப்படுத்துவதோடு, பூவேலையின் அடிமுடிச்சுகள் முன்னே புடைக்காமலும் காக்கும். துணியின் தடிப்புக்கு இடம் விட்டு, அட்டையைக் கண்ணாடியின் அளவை விட அரைக்கால் அங்குலம் குறைத்து வெட்டுக.

அட்டையின் நான்கு பக்கங்களிலும் நடுப்புள்ளியைக் குறித்து, துணியின் நடுப்புள்ளிகளோடு பொருத்துக. மேலே ஒரு குண்டூசி, கீழே ஒன்று. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி அட்டையின் விளிம்பில் குத்திக்கொண்டு செல்க. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணி கோணும். கோணலை உடனே காட்டிக் கொடுப்பது நாம் தைத்த நாடாவே. அது அட்டையின் விளிம்புக்கு இணையாக ஓடினால் வேலை நேராக இருக்கிறது என்று அறியலாம்.

பின்னர் வலுவான நூலைக் கொண்டு, அட்டையின் பின்புறத்தில் துணியின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு, காலணியில் நாடா கோப்பது போலக் கோத்து இழுத்துக் கட்டுக. முதலில் நீண்ட விளிம்புகளைப் பிணைத்துப் பின் குறுகிய விளிம்புகளைப் பிணைக்க வேண்டும். மூலைகளை மடித்து இரண்டு தையல் போட்ட பின் குண்டூசிகளை எடுத்துவிடலாம். ஊசிகளை உள்ளேயே விட்டால் அவை துருவேறித் துணியைக் கறைப்படுத்தும்.

கண்ணாடியும் காற்றும்

கண்ணாடி துணியைத் தொடலாகாது. இதுவே சட்டம் போடும் கலையின் தலையாய விதி. குளிர்ந்த இரவில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படியும். தொட்டுக்கொண்டிருக்கும் நூல் அதனை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் உள்விளிம்பில் மறையும்படி, கால் அங்குலத் தடிப்புள்ள மெல்லிய மரச்சலாகையைச் சுற்றிலும் வைத்தால் கண்ணாடிக்கும் துணிக்கும் இடையே இடைவெளி கிடைக்கும். அதற்கேற்ற ஆழமுள்ள சட்டத்தையே முதலில் வாங்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

பின்புறத்தைத் தடித்த தாளால் மூடிப் பூச்சியும் தூசும் புகாமற் செய்க. சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவரோடு படியாமல் பின்னே காற்றோடும். தம்புள்ளை உலர் வலயத்தைச் சேர்ந்ததாயினும், ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவ மழையால் சுவர்கள் ஈரம் கொள்ளும். மழை நனைக்கும் வெளிச் சுவரில் சட்டத்தை மாட்டலாகாது. நேர் வெயில் விழும் இடமும் ஆகாது. சுவாமி விளக்குக்கு நேர் மேலே மாட்டினால் எண்ணெய்ப் புகை படியும். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் கழிந்ததும், சட்டத்தை இறக்கிப் பின்தாளைப் பார்த்தல் நல்வழக்கம். தைப்பொங்கலுக்கு முன் வீடு துலக்கும் வேளை இதற்கு மிகவும் ஏற்றது.

எதைத் தைப்பது?

தம்புள்ளை ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்த மாணவியர் அங்குள்ள புத்தர் திருவுருவத்தைத் தைக்க விரும்பலாம். பௌத்த மக்கள் வழிபடும் உருவத்தை அலங்காரப் பொருளாக்குவது அவர் மனத்தைப் புண்படுத்தக்கூடும். ஆகவே உருவங்களை விடுத்துக் கரைகளை எடுப்பதே பண்பாகும். ஒரு தாமரை, ஒரு பூக்கொடி, ஓர் இதழ் வரிசை ஆகியவற்றைக் கட்டங்கள் இட்ட தாளில் வரைந்து, பென்சிலால் திருத்தி, துணிக்கு மாற்றிக் கொள்ளலாம். அவையேயன்றி நெற்கதிரும் மாவிலைத் தோரணமும் நம் வாசற் கோலமும் சட்டத்துக்குள் அழகுற அமைவன. கோலம் நாளை அழிந்துவிடும். நூலில் இட்ட கோலமோ நிலைக்கும்.

உழைப்பின் விலை

இதனை விற்பனைக்குச் செய்ய எண்ணும் சகோதரிகளுக்கு ஒரு சொல். துணி, நூல், நாடா, அட்டை, கண்ணாடி, சட்டம் என ஒவ்வொன்றின் விலையையும் ஒரு சிறு கொப்பியில் எழுதுங்கள். மின்சாரத்தையும் இயந்திரத் தேய்மானத்தையும் அதனோடு சேருங்கள். பின்பு, தைத்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டு அதற்குரிய கூலியையும் எழுதுங்கள். நம் பெண்களிற் பலர் கடைசிக் கணக்கை எழுதுவதே இல்லை. "வீட்டில் சும்மா இருந்த நேரந்தானே" என்று தம் உழைப்புக்குத் தாமே விலை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். தாம் மதியாத உழைப்பைப் பிறர் மதிப்பர் என்று எதிர்பார்த்தல் கூடுமோ?

உல்லாசப் பயணிகளுக்கு விற்பதாயின் கண்ணாடி இல்லாமலும் சட்டம் அமைத்துக் கொடுக்கலாம். நெடுந்தூரம் கொண்டு செல்வோர் உடையும் பொருளை வாங்கத் தயங்குவர். பின்புறத் தாளில் தைத்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் மை கசியாது. தம்புள்ளை விதானத்தைத் தீட்டிய ஓவியர்களிற் பலரின் பெயரை இன்று நாம் அறியோம். நம் பெண்களின் வேலையும் அவ்வாறு பெயரற்றுப் போதல் வேண்டா.

மாணவியருக்கும் இஃது ஓர் அரிய பயிற்சி. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையின் காலந்தொட்டே ஈழத்துப் பெண்கல்வியில் தையலும் ஓரிடம் பெற்று வந்துள்ளது. ஒரு சட்டத்தை முடிக்கும் மாணவி அளவையும் பின்னத்தையும் கற்கிறாள். நிறப் பொருத்தத்தைக் கற்கிறாள். துணி, அமிலம், ஈரம் ஆகியவற்றின் இயல்பை அறிகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடங்கியதை முடிக்கும் பொறுமையைப் பெறுகிறாள். ஆண் பிள்ளைகளும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. மரச்சலாகை வெட்டவும் ஆணி அறையவும் தக்கை ஒட்டவும் அவர்கள் கை உதவட்டும்.

இன்று மாலை வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அம்மாவோ அக்காவோ பெரியம்மாவோ என்றோ தைத்து வைத்த ஒரு துணி அடியிலே கிடக்கலாம். மடிப்பை விரித்து, நிழலில் காயவிட்டு, எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். ஒரு யார் நாடாவும் ஒரு சிறு சட்டமும் இரண்டு மாலைப்பொழுதும் போதும். தைத்த கை உயிரோடு இருக்கும்போதே அவ்வேலை சுவரில் ஏறுமாயின், அந்த முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு ஈடாக எந்தப் பூவையும் நாம் தைத்துவிட முடியாது.